ஜனவரியில் செத்த கார்டு

மின்விசிறியை அணைத்தாயிற்று. இனி கால் மணி நேரத்துக்கு இந்த அறையில் காற்று அசையக் கூடாது, மேஜை அசையக் கூடாது, முடிந்தால் நானும் அசையக் கூடாது. மே மாதத்து வெள்ளிக்கிழமை, மூன்று மணி பத்து நிமிடம், மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில், ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஓர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சமைக்கிற அடுப்பு இல்லை. தட்டையாக, ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவில், கீழேயிருந்து மெல்லச் சூடேற்றுகிற தட்டு. அதன்மேல் படுத்திருப்பது ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு திரைக்குப் படம் வரைந்து அனுப்புகிற பலகை. விசிறிகளையும் அலுமினியக் கவசத்தையும் கழற்றிவிட்டால் எல்லாக் கார்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, ஆஸ்பத்திரியில் நகையையும் புடவையையும் வாங்கி வைத்துக்கொண்டு பச்சைத் துணியால் மூடிவிட்ட பெண்களைப்போல. சூடு தொண்ணூற்றிரண்டு. நூற்றைம்பது வந்தால்தான் மேலேயிருந்து சூடான காற்றைக் காட்டலாம். தொண்ணூற்று மூன்று. கழுத்தில் வழிவதை இடது கையால்தான் துடைக்க வேண்டும், வலது கையில் ட்வீசர் இருக்கிறது, அதைக் கீழே வைத்தால் தேடுவதற்குள் நேரம் போய்விடும், எனக்கு இப்போதெல்லாம் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை. கீழ்த்தளத்தில் யாரோ சுவரைத் துளைக்கிறார்கள். நேற்றும் துளைத்தார்கள், முந்தாநாளும் துளைத்தார்கள். அந்தச் சுவரில் துளை போக மீதி என்ன இருக்கிறதோ. நடுக்கம் தூண் வழியாக ஏறி, மேஜைக் கால் வழியாக ஏறி, என் கடைவாய்ப் பல்லில் வந்து நிற்கிறது. ஈயம் உருகி நிற்கிற அந்த நாற்பது விநாடியில் அவன் துளைத்தானென்றால் எல்லாம் போச்சு. இஸ்மாயில், என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் கத்தினேன், கீழ போய் ஒரு பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லேன்பா. "சொல்லிட்டேன்க்கா. பத்து நிமிஷம் கழிச்சு நிறுத்துறேன்னான்." அதைச் சொல்லிவிட்டு அவனே சிரிக்கிறான். பதினோரு வருடமாக இந்த அறையின் முன்பாதி அவனுடையது, பின்பாதி என்னுடையது. வருகிறவர்களிடம் பேசுவது அவன், பலகைகளிடம் பேசுவது நான். அவனுக்கு அலுப்பே வருவதில்லை. தொழுகை முடிந்து அத்தர் வாசனையோடு வந்து உட்கார்ந்திருக்கிறான், இந்தப் புழுக்கத்தில் அந்த வாசனைகூட ஒரு சுவர்போல நிற்கிறது.

நூற்றுப் பத்து. இந்தக் கார்டு மரியலூயிஸுடையது. பெரம்பூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், கட்டாத வீடுகளுக்குப் படம் வரைகிற வேலை. கட்டட முதலாளிகள் தருகிற வரைபடத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் வீட்டை எழுப்பி, உள்ளே வெயில் விழவைத்து, சோபாவில் ஒரு பூனையைக்கூட உட்காரவைத்து, வாங்கப்போகிறவர்களை அந்த இல்லாத வீட்டுக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார். ஜனவரியில் ஒரு நாள் இந்தக் கார்டை மகளின் பள்ளிக்கூடப் பையில், துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் அளந்து பார்த்தேன். நடுவில் இருக்கிற பெரிய சிப் செத்துவிட்டது என்று சொன்னேன். வைத்துக்கொள்ளுங்கள் மேடம், உதிரிக்காவது ஆகும் என்று விட்டுவிட்டுப் போனார். இது நடந்து நான்கு மாதம். செத்த கார்டுகளின் டப்பாவில் அதுவும் கிடந்தது. இன்று காலை பதினோரு மணிக்கு அவர் வந்து நின்றபோது எனக்கு முகம்தான் நினைவிருந்தது, பேர் நினைவில்லை. திங்கட்கிழமை மஸ்கட் போகிறாராம். ஏதோ கிடங்கில் சரக்குப் பார்க்கிற வேலை, இரண்டு வருடம். கம்ப்யூட்டரை விற்றாயிற்றாம். "அந்தக் கார்டு இருந்தா குடுங்க மேடம். ஃப்ரேம் போட்டு வீட்ல மாட்டிட்டுப் போலாம்னு." எதுக்குப்பா என்று கேட்டேன். "பாப்பா கேட்டா, அப்பா இதுலதான் வீடு கட்டினாருன்னு சொல்லுவா லில்லி." லில்லி அவர் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சிரிக்காமல் சொல்லியிருந்தால் அப்போதே எடுத்துக் கொடுத்துத் தொலைத்திருப்பேன். எடுத்துக் கொடுக்கவும் முடியாது. மார்ச்சில் வேறொரு கார்டுக்காக இதிலிருந்து ஒரு நினைவகச் சிப்பைப் பெயர்த்துவிட்டேன், நடுச் சிப்பைச் சுற்றி எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருக்கிறது, முன்பல் விழுந்த வாய் மாதிரி. அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மேலே பெட்டியில் இருக்கிறது, தேட வேண்டும், நாலு மணிக்கு வாங்க என்று பொய் சொன்னேன். ஒரு செத்த சிப்பை எடுத்து அந்த ஓட்டையில் ஒட்டி, பார்வைக்கு முழுசாக்கிக் கொடுத்துவிடலாம் என்பதுதான் யோசனை. ஒட்டு வேலை. பத்து நிமிடம். அதோடு விட்டிருக்கலாம். யார் என்னை அளக்கச் சொன்னார்கள்?

நூற்று இருபத்தாறு. குங்கிலிய வாசனை எழும்ப ஆரம்பித்துவிட்டது. சிப்புக்கு அடியில் தடவிய பசை இளகுகிறது. கைப்பழக்கத்துக்கு என்ன புத்தி இருக்கிறது. பலகையை எடுத்தால் மீட்டரின் இரண்டு முனைகளும் தாமாகவே அதன்மேல் போய் நிற்கின்றன, தெருவில் போகிறவள் கோயிலைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல. வைத்தேன். தடை அரை ஓம் என்றது. செத்த சிப் பூஜ்யம் காட்ட வேண்டும். மின்சாரம் தடையே இல்லாமல், திறந்துபோட்ட வாசலில் நுழைவதுபோல ஓடிவிடும், அதைத்தான் ஷார்ட் என்கிறோம். அரை ஓம் என்றால் பெரிய சிப்புக்கு அது ஆரோக்கியம், நாடி ஓடுகிறது என்று அர்த்தம். இன்னொரு தடவை வைத்தேன். அரை ஓம். அப்புறம்தான் சிவப்புக் கம்பி நினைவுக்கு வந்தது. அளக்க ஆரம்பிக்கும் முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, ஒரு பித்தானை அழுத்தி, இதுதான் பூஜ்யம், இங்கிருந்து எண்ணு என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என் பழைய மீட்டரில் சிவப்புக் கம்பி ரப்பருக்கு உள்ளே பாதி அறுந்திருந்தது. வெளியே தெரியாது. பிப்ரவரிக் கடைசியில் அது முழுசாக அறுந்துபோன பிறகுதான் கண்டுபிடித்தேன், புதுக் கம்பி வாங்கினேன், பழசைக் குப்பையில் போட்டுவிட்டு அன்றைக்குப் பெரிய காரியம் செய்ததுபோல டீ குடித்தேன். பாதி அறுந்த கம்பியின் தடை அரை ஓம். ஜனவரியில் அந்த அரை ஓமைப் பூஜ்யம் என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது பதிவிரதை, சொன்னதை நம்பியது. அதன்பிறகு கம்பி வளைந்த வாக்கில் உள்ளே சேர்ந்துகொண்டு நிஜ அரை ஓமைப் பார்த்தபோது, சொல்லிக்கொடுத்ததைக் கழித்துவிட்டு, ஒன்றுமில்லை என்றது. ஒன்றுமில்லை என்றதை நான் மரியலூயிஸிடம் சொன்னேன். மற்ற எதற்கும் அரை ஓம் ஒரு பொருட்டே இல்லை. இந்த ஒரு இடத்தில்தான் அது உயிர். நடுச் சிப் செத்தது என்று ஆனபின் யாரும் மற்ற இடத்தைத் தோண்டுவதில்லை, மூச்சு நின்றவனுக்குப் பல் பார்க்க மாட்டார்கள். இன்றைக்குப் பார்த்தேன். சின்னதாக மின்சாரத்தைக் கொடுத்து, பலகைமேல் ஸ்பிரிட்டைத் தெளித்தேன். எங்கே ஈரம் முதலில் காய்கிறதோ அங்கேதான் பழுது. ஓரமாக, மணலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கெப்பாசிட்டர், அதைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் சட்டென்று காய்ந்தது. பத்து நிமிட வேலை. ஜனவரியில் செய்திருந்தால் பத்து நிமிட வேலை. அந்த மணலைப் பெயர்த்தெடுத்துவிட்டு, வேறொரு கார்டிலிருந்து நல்ல நினைவகச் சிப் ஒன்றை எடுத்து இப்போது இந்த ஓட்டையில் நிறுத்தியிருக்கிறேன், ஒட்டு வேலைக்கு இல்லை, ஓடவைக்க.

நூற்று முப்பத்தொன்று. அவர் அன்றைக்குக் கேட்டார். அதுதான் முள். "இன்னொரு தடவை பாத்துடுங்களேன் மேடம்." நான் என்ன சொன்னேன்? மறக்கவே மாட்டேன் என்கிறது, பேர் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை. "நாலு தடவை பாத்தாலும் செத்தது செத்ததுதான் தம்பி." சொல்லிவிட்டு வாக்கியத்தின் ஓசையில் எனக்கே ஒரு திருப்தி. எத்தனை எடுப்பாக விழுந்தது. வாய்க்கு நன்றாக வருகிற வாக்கியங்களைப்பற்றி நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு எரிச்சலில் இருந்தேன். எதற்கு எரிச்சல் என்று இப்போது நினைவில்லை, பசியாயிருக்கலாம், முட்டியாயிருக்கலாம், யாராவது கார்டை வீட்டில் கேக் சுடுகிற அவனில் வைத்துச் சுட்டுக் கொண்டுவந்திருப்பார்கள். இன்னொரு தடவை. என் வீட்டுக்காரர் ராமலிங்கம் ஆஸ்பத்திரியில் போனபோது அந்தச் சின்ன டாக்டர் பெண் நாடியைப் பிடித்துப் பார்த்தாள், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள், காது வைத்துக் கேட்டாள், போனவள் திரும்பிவந்து மறுபடியும் நாடியைப் பிடித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. தெரிந்ததுதானே, சொல்லித் தொலையேன், எதற்கு மூன்று தடவை என்று. அவள் மூன்றாவது தடவையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழு ஒரு நிமிடம் நின்றாள். அவள் முகத்தில் நான் படித்தது தயக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ வந்திருக்கிறார்கள். "பாய், யூடியூப்ல பாத்தேன், அவன்ல எட்டு நிமிஷம் வெச்சா சரியாப்பூடும்னாங்க." "வெச்சீங்களா?" "வெச்சேன்." "சரியாச்சா?" "ஒரு வாரம் ஓடுச்சு பாய்." "அப்புறம் அதே அவன்ல கேக் சுட்டீங்களா?" "மிஸஸ் பிஸ்கட் பண்ணாங்க." "ஈய பிஸ்கட். நல்லாருந்துச்சா?" எனக்குச் சிரிப்பும் வருகிறது, தலையில் அடித்துக்கொள்ளவும் வருகிறது. சூடு காட்டினால் செத்தது எழுந்து உட்காரும், ஒரு வாரம், மூன்று வாரம். அப்புறம் படுத்தால் நிரந்தரம். இது தெரிந்தும் சூடு காட்டி எழுப்பி விற்றுவிட்டுப் போகிறவர்கள் இதே சந்தில் இருக்கிறார்கள். நான் அப்படிச் செய்ததில்லை என்று எத்தனை பேரிடம் மார்தட்டியிருக்கிறேன். இல்லாததை இருக்கிறது என்று சொன்னதில்லை. சரி. இருந்ததை இல்லை என்று சொல்லியிருக்கிறேனே, அது எந்தக் கணக்கில்? போன் அதிர்கிறது. தங்கை பர்வதம். எடுக்க மாட்டேன். மேஜையோடு சேர்ந்து அதிர்கிறது, சனியன், கீழே துளைக்கிறவன் போதாதா, இடது கையால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன், இப்போது தொடையில் அதிர்கிறது. என்ன கேட்பாள் என்று தெரியும். நிச்சயதார்த்தத்துக்குப் புடவை மாம்பழக் கலரா, மயில் கழுத்தா. நான்கு நாளாக அதே கேள்வி. எந்தக் கலர் சொன்னாலும் "அப்படியா சொல்றே" என்பாள். அப்படியா சொல்றே. அவளாவது மறுபடி கேட்கிறாள்.

நூற்றைம்பது. மேல் காற்றைத் திறந்தேன். இனி மூன்று நிமிடம். கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். போனால் என்ன? போனால் பலகை வளைந்து ஆறும், சிப் பாதி ஒட்டி பாதி ஒட்டாமல் நிற்கும், நாலு மணிக்கு மரியலூயிஸ் வருவார், நான் எடுத்துக் கொடுப்பேன், எட்டுக்கு எட்டும் இருக்கும், சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார். ஜனவரியில் நான் சொன்னது சொன்னபடியே நிற்கும். இதைச் சொல்லிக்கொள்ளவே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் மதியத்திலிருந்து இதைச் சுற்றித்தான் நடக்கிறேன், வேறெங்கும் நடக்கவில்லை. இது ஓடினால் நான் தப்பு என்று ஆகும். ஓடாவிட்டால் யாருக்கும் தெரியாது, அந்தக் கம்பியும் குப்பையோடு போய்விட்டது. அப்புறம் எதற்குச் சரிசெய்கிறேன்? ஒட்டு வேலைக்கு எடுத்த செத்த சிப்பைக் கீழே வைத்துவிட்டு நல்ல சிப்பை எடுத்தது எந்தக் கை? அதைக் கேட்டால் அது பதில் சொல்லாது. ஒரு பைக் விலை இருக்கும் இந்தக் கார்டு, இன்னொன்று வாங்க அவரால் முடியவில்லை, ஆர்டர்கள் ஒவ்வொன்றாக வேறு ஆளிடம் போயிருக்கும், எப்போதுதான் அந்த வீட்டில் மஸ்கட் என்ற வார்த்தை முதலில் சொல்லப்பட்டதோ, ராத்திரிச் சாப்பாட்டிலா, யார் சொன்னார்கள், அவரா, லில்லியா, சொன்னதும் குழந்தை எங்கே இருக்கிறது மஸ்கட் என்று கேட்டிருக்கும், இரண்டாம் வகுப்புக்குப் போகிற குழந்தைக்கு இரண்டு வருடம் என்றால் என்ன என்று எப்படிச் சொல்லியிருப்பார்கள். எல்லாம் என் வாக்கியத்திலிருந்து கிளம்பியது. இல்லை, அப்படி நினைப்பதும் ஒரு கர்வம்தான். அவருக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். இருந்திருக்கட்டுமே. இருந்திருக்கட்டும் கடவுளே. இருநூறு. இருநூற்றுப் பத்து. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிகிறது. துளைக்கிறவன் நிறுத்திவிட்டான், நிறுத்தியதுதான் இப்போது பயமாக இருக்கிறது, எந்த விநாடியும் தொடங்கலாம்.

உருகிவிட்டது. பார்த்தாலே தெரியும், சிப் ஒரு மயிரிழை கீழே இறங்கும், பெருமூச்சு விட்டதுபோல. அடியில் நூற்றுக்குமேல் ஈயப் பொட்டுகள், ஒவ்வொன்றும் கசகசாவைவிடச் சிறிது, எல்லாம் இப்போது திரவம். ட்வீசர் முனையால் சிப்பின் விளிம்பை இலேசாகத் தட்ட வேண்டும். தட்டினால் அது நகர்ந்து, கையை எடுத்ததும் தானாகவே தன் இடத்துக்குத் திரும்பிவரும். யாரும் தள்ள வேண்டாம், பிடிக்க வேண்டாம், உருகிய ஈயமே அதை இழுத்து அதன் இடத்தில் உட்காரவைக்கும். இதை நான் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட அலுத்ததில்லை, என் வாழ்க்கையில் அலுக்காதது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினால் திரும்பாது. பக்கத்துப் பொட்டோடு ஒட்டிக்கொள்ளும். அரை மில்லிமீட்டர். கை நடுங்கியது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள், அறுபத்திரண்டு வயதுக் கை. ட்வீசர் முனை விளிம்பில் நிற்கிறது. நிற்கிறது. முப்பது விநாடிதான் இருக்கிறது, அதற்குள் என்ன யோசனை, இதைப்போய் யோசிக்கிறாயே மனோன்மணி, உனக்கு வெட்கமாயில்லையா. தட்டினேன். நகர்ந்தது. திரும்பிவந்தது. மேல் காற்றை நிறுத்தினேன். கீழே அவன் துளைக்க ஆரம்பித்தான். நான் இரண்டு கைகளாலும் மேஜையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிறுத்துடா, நிறுத்துடா, நிறுத்துடா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, ஏதோ கப்பலை நான்தான் நிறுத்தி வைத்திருப்பதுபோலக் குனிந்து நின்றேன், இருநூற்றிலிருந்து நூற்றெண்பது, நூற்று அறுபது, ஈயம் இறுகிவிட்டது, இனி அவன் கட்டடத்தையே இடித்தாலும் ஒன்றுமில்லை.

ஆறவிட வேண்டும். ஊதக் கூடாது, விசிறக் கூடாது. ஜன்னலை மட்டும் திறந்தேன், வெளியே காற்றா இருக்கிறது, டீக்கடைப் பாய்லர் ஆவி. ஆறட்டும். ஆறிய பிறகு நடுச் சிப்புக்குப் பசை தடவி, கவசத்தைப் பூட்டி, சோதனை மெஷினில் சொருகிப் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்த்துவிட்டு என்ன சொல்வது? வார்த்தைகள் வரிசையாக வந்து நிற்கின்றன, எல்லாம் நன்றாக உடுத்திக்கொண்டு. "பாருங்க தம்பி, சும்மா ஒரு தடவை பார்த்தேன், உங்க அதிர்ஷ்டம்." இது ஒன்று. அவர் என் காலில் விழுந்தாலும் விழுவார். ஜனவரியில் செத்தது மே மாதத்தில் பிழைத்தது, மேடம் கைராசி என்று சந்து முழுக்க இஸ்மாயில் சொல்லுவான். இப்படிச் சொன்னால் எனக்குத் தப்பும் இல்லை, பேரும் கூடும். எவ்வளவு சுலபமாக வருகிறது இது, யோசிக்கவே வேண்டாம், குழாயைத் திறந்ததுபோல. ஓடினால் இதைச் சொல்லலாம், ஓடாவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். இரண்டு பக்கமும் எனக்கு மெத்தை விரித்திருக்கிறது. மனுஷிக்கு ஒரு பக்கமாவது தரை வேண்டாமா. எழுபது டிகிரி. ஐம்பத்தைந்து. கவசத்தைப் பூட்டினேன், நான்கு திருகு, குறுக்கும் நெடுக்குமாக. மெஷினில் சொருகினேன். மூன்றே முக்கால். ஸ்விட்சுக்கு மேலே விரல் நிற்கும்போதே வெளியே இஸ்மாயிலின் குரல், "வாங்க மஸ்கட்! என்ன, நாலு மணின்னாங்க, இப்பவே வந்துட்டீங்க?" "ஒட்டகம் சீக்கிரம் கெடச்சுது பாய்." இருவரும் சிரிக்கிறார்கள். விரலை எடுத்துவிட்டேன்.

மரியலூயிஸ் உள்ளே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு துணிப்பை, கார்டை எடுத்துப்போக. "கிடைச்சுதா மேடம்?" என்று கேட்டவர் கார்டு மெஷினில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இது என்னோடதா? எதுக்கு மாட்டியிருக்கீங்க?" என்றார். உட்காருங்க என்றேன். உட்காரவில்லை. ஓடுகிறதா இல்லையா என்று தெரிவதற்கு முன்னால் சொன்னால்தான் உண்டு, தெரிந்தபின் என் வாய் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளும், எனக்கு என் வாயைத் தெரியும். "ஜனவரியில இது சாகலை தம்பி. நான் தப்பா அளந்துட்டேன்." அவர் முதலில் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்திருக்கிறார். நான் சிவப்புக் கம்பியைச் சொன்னேன், பூஜ்யத்தைச் சொன்னேன், மணலளவு கெப்பாசிட்டரைச் சொன்னேன், மார்ச்சில் ஒரு சிப்பைப் பெயர்த்ததையும் பெட்டியில் தேட வேண்டும் என்றது பொய் என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை, அங்கேயே நின்றுவிட்டது, எடுத்து வைக்க மறந்த பாத்திரம்போல. "இன்னும் போட்டுப் பாக்கலை. ஓடலாம், ஓடாமலும் போலாம்." "இன்னொரு தடவை பாருங்கன்னு சொன்னேன்ல?" என்றார். "சொன்னீங்க." "சொன்னேன்ல." "ஆமா தம்பி, சொன்னீங்க. நான்தான் பாக்கலை." "போடுங்க," என்றார் மரியலூயிஸ். நான் ஸ்விட்சைத் தேடினேன், எதிரேயே இருப்பதைத் தேடினேன், அவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டித் தாமே அழுத்தினார்.

விசிறிகள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன. நின்றே இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, எனக்கு எண்ணத் தெரியும், நான்காவது விநாடிக்குமேல் நின்றால் இல்லை. நான்கில் சுழன்றன. திரை வெளுத்தது, எழுத்துகள் வந்தன, ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை, கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதுவும் அதில் இல்லை, கறுப்பில் வெள்ளையாக நாலு வரி, அதைப் போய் அத்தனை நேரம் பார்த்தார். "திங்கட்கிழமை விடிகாலை நாலே காலுக்கு ஃப்ளைட்," என்றார் திரையிடம். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன், தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்துகொண்டேன், எனக்குள் அதற்கும் ஒரு பாவனை தயாராக இருந்தது. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பாவனை இருந்தது. மதியத்திலிருந்து அவருடைய ஜனவரியையும் என்னுடைய வாக்கியத்தையும் தவிர வேறொன்றையும் நினைக்காமல், எவ்வளவு நேர்மையாக வாட்டிக்கொண்டிருந்தேன் என்னையே. அவர் திட்டவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிப்பு இப்போது போயிருந்தது.

"என்னோடது மட்டும்தானா மேடம்?"

"என்னது?"

"அந்தக் கம்பியில. என் கார்டை மட்டும்தான் அளந்தீங்களா?"

எனக்குக் கேள்வி புரிந்தது. புரிந்த பிறகும் அது கீழே போய்க்கொண்டே இருந்தது, கிணற்றில் விழுந்த கல் தண்ணீரைத் தொடாமல் போவதுபோல. ஜனவரி முழுக்க. பிப்ரவரிக் கடைசி வரைக்கும். தினமும் காலையில் அந்த இரண்டு முனைகளையும் தொட்டு, பித்தானை அழுத்தி. தினமும். தினமும் உயிரோடிருக்கிறதா, செத்திருக்கிறதா என்று யாருக்காவது சொல்லிக்கொண்டு. "இஸ்மாயில்," என்றேன். அவன் ஏற்கெனவே தடுப்பருகில் வந்து நின்றிருந்தான், கையில் போன். கார்டு வந்ததும் வந்தவர் பேர், நம்பர் எழுதிய சீட்டை அதன்மேல் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புவான், நான் பார்த்துவிட்டு அதற்குக் கீழேயே பதில் எழுதுவேன். செத்தது என்றால் ஒரே ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான், வார்த்தைகூட இல்லை. "எதுலேர்ந்துக்கா?" "புது வருஷத்துலேர்ந்து. நான் பெருக்கல் போட்டதெல்லாம்." மேலே மேலே தள்ளினான், மே, ஏப்ரல், மார்ச், பிப்ரவரி, படங்கள் கோடுகளாக ஓடின, ஜனவரித் தொடக்கத்தில் நின்றன. "ஒண்ணு. பூந்தமல்லி. தாமோதரன்னு ஒருத்தர்." மரியலூயிஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், இப்போதுதான் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார், அது அவருடைய பயணச் சீட்டின் நகல், அதைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை என் மேஜைமேல் விரித்து, என் பேனாவை எடுத்துக்கொண்டார். "நம்பரைச் சொல்லுங்க பாய்." இஸ்மாயில் சொன்னான். அவர் எழுதினார், இலக்கங்களை அகல அகலமாக, நான் படிக்க வேண்டும் என்பதற்காக. "ரெண்டு. காலேஜ் பொண்ணு, அன்னிக்கு அழுதுச்சே அக்கா." "நம்பர்." "மூணு." திரையில் அந்த நாலு வரி அசையாமல் நின்றது. அவர் ஆறாவது எண்ணை எழுதி முடித்து நிமிர்ந்தபோது இஸ்மாயிலின் விரல் இன்னும் பொங்கலைத் தாண்டவில்லை.